பெருநாள் பாட்டின் கீறல்

நௌஷீன் இசைத்தட்டைப் பிடிக்கிற அழகைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உறையைச் சற்றே சாய்ப்பாள். தட்டு தானாக வழுக்கி வந்து அவள் கையில் நிற்கும். கட்டைவிரல் விளிம்பில், மற்ற விரல்கள் நடுவிலிருக்கும் காகித வட்டத்தில். வேறெங்கும் ரேகை படாது. பிறகு இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே நிறுத்தி, வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி பிளேயரில் இறக்குவாள். "மாஷா அல்லா, இன்னா பக்குவம்!" என்பார் என் மாமனார். நான் அடுப்படியில் நின்றுகொண்டு வெங்காயத்தின் மேல் கத்தியை ஓங்கி ஓங்கிப் போடுவேன்.

பொறாமையா என்று கேட்டால், பொறாமைதான். அதை எதற்கு மூடி மறைக்க வேண்டும்? வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகாத சின்ன மருமகள், பதினான்கு வருஷமாக இருக்கிறவளின் கையிலிருந்த வேலையைப் பறித்துக்கொண்டு, அதற்குப் பாராட்டும் வாங்கினால் வயிறு எரியுமா எரியாதா? நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் வீடு கும்மிடிப்பூண்டி பஜாருக்குப் பின்னால் இருக்கிறது. என் வீட்டுக்காரர் ஷஃபியுல்லா, சிப்காட் கம்பெனிகளுக்கு போல்ட், நட்டு, கிரீஸ் டப்பா, கையுறை என்று சப்ளை செய்கிற ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். மாமனார் அஸ்கர் அலி ஒரு காலத்தில் பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரம் செய்தவர். நான் மருமகளாக வருவதற்கு ரொம்ப முன்பே அதை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டார். வரும்போது கூடவே ஒரு ரெக்கார்டு பிளேயரையும் ஓர் அலமாரி நிறைய இசைத்தட்டுகளையும் கொண்டுவந்தார். ஊரெல்லாம் கேசட்டுக்கு மாறி, அப்புறம் சி.டி.க்கு மாறி, இந்த 2006-இல் பையன்கள் செல்போனில் பாட்டு வைத்துக்கொண்டு திரிகிறார்கள். எங்கள் மாமா மட்டும் ரெக்கார்டை விட்டு நகரவில்லை.

அந்த அலமாரியில் ஒரு தட்டுக்குப் பெருநாள் தட்டு என்று பெயர். நோன்புப் பெருநாளன்று ஆண்கள் தொழுதுவிட்டு வந்ததும், சேமியாவில் யாரும் கைவைப்பதற்கு முன்னால், எல்லோரும் ஹாலில் உட்கார வேண்டும். அந்தத் தட்டு பாட வேண்டும். அதைப் போடுவது வீட்டுக்கு மூத்த பெண்ணின் வேலை. மாமியார் இருந்தவரை அவர் போட்டார். அவர் மவுத்தான மறு வருஷம் நான் வந்தேன். முதல் பெருநாளன்று மாமா என்னைக் கூப்பிட்டு, "இனிமே இந்த ஊட்டுக்குப் பெரிய பொம்பள நீதான். நீ போடும்மா" என்றார்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயசு. அந்த வீட்டில் பீரோ சாவி மாமாவிடம், கடை வீட்டுக்காரரிடம், சமையலிலோ வருகிற போகிற உறவுக்காரப் பெண்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். வேறு யாரும் கைவைக்காத வேலை என்று எனக்கு அது ஒன்றுதான் கிடைத்தது. இப்போதும் அது ஒன்றுதான்.

அந்த முதல் பெருநாளிலேயே நான் கீறலும் போட்டுவிட்டேன். அது ஒன்றும் ரகசியமில்லை, தெருவுக்கே தெரிந்த கதை. கை நிறையக் கல்யாண வளையல். ஊசியை வைத்துவிட்டுக் கையை எடுக்கும்போது வளையல் ஊசி மாட்டியிருக்கும் பிளேயர் கையில் சிக்கி, 'கர்ர்' என்று ஊசியைக் குறுக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது. எனக்கு உயிரே இல்லை. மாமாதான், "போனா போவுது, மொதல்லேந்து போடு" என்றார். போட்டேன். பாட்டு நன்றாகத்தான் போனது.

"அலை தந்தவனே, ஆழம் தந்தவனே,
அந்திப் பிறையைக் காட்டித் தந்தவனே..."

அங்கே வந்ததும் ஊசி கீறலில் ஏறி 'டக்' என்று துள்ளி, நடுவில் ஏதோ கொஞ்சத்தை விழுங்கிவிட்டு, "தேடாத பேருக்கும் துணையானவனே" என்பதில் போய் விழுந்தது. நான் அழத் தயாராகிவிட்டேன். மாமா அதே நேரத்தில் கையைத் தட்டி, "டக்!" என்றார். அப்போது சின்னப் பையனாக இருந்த என் கொழுந்தன் யாசர் விழுந்து விழுந்து சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் பாட்டுக்கு அதுதான் முறை. இரண்டு வரி பாடுவோம், கை தட்டி "டக்!" என்போம், அடுத்த வரிக்குப் போவோம். என் இரண்டு பிள்ளைகளும் பேச்சு வந்த நாளிலிருந்து அப்படித்தான் பாடுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பூவம்மாள் பெருநாளன்று பிள்ளைகளோடு வருவாள். அவள் வீட்டு ஆட்களுக்குக்கூட எங்கே தட்ட வேண்டும் என்று தெரியும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டுக்குத்தான் யாசர் பெண்டாட்டி வந்து சேர்ந்தாள். அவன் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிற வேலையில் இருக்கிறான். நௌஷீனுடைய வாப்பா திருவள்ளூரில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ரேடியோவும் ரெக்கார்டும் விற்றவர். போதாதா? வந்த வாரத்திலேயே மாமாவின் அலமாரியைத் திறந்து பார்த்து வாயில் கைவைத்தாள்.

"யா அல்லா! எல்லாம் படுத்துக்கினு கீதே!"

"படுத்துக்கினு கீதுன்னா இன்னா? தூங்கட்டும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "இல்ல லாத்தா. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா கீழ கீற தட்டு வெயிட்டுல வளைஞ்சுடும். உறைக்குள்ள கீற மண்ணு அழுந்தி அழுந்தி கோடு போட்டுடும். புஸ்தகம் மாதிரி நிக்க வெக்கணும். சாய்ஞ்சாப்பலயும் கூடாது, நெட்டுக்கு நிக்கணும்."

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்று முழுவதும் அந்த வேலைதான். கடையிலிருந்து தகடு வெட்டி வரச் சொல்லி நடுநடுவே தடுப்பு வைத்தாள். சூட்டில் தட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்று பழைய பிளாஸ்டிக் உறைகளையெல்லாம் உருவிப்போட்டு, மெல்லிய காகித உறை போட்டாள். சாயங்கால வெயில் விழுகிற சுவரிலிருந்து அலமாரியை இந்தப் பக்கம் நகர்த்தச் சொன்னாள். என் வீட்டுக்காரரும் யாசரும் தள்ளினார்கள். என் சமையல்மேடையை அரை அடி நகர்த்தித் தாருங்கள் என்று நான் கேட்டு எத்தனை காலமாகிறது? அதற்கு ஆள் கிடைக்கவில்லை. அலமாரிக்கு இரண்டு பேர்!

மறுநாள் மதில்மேல் தலையை நீட்டிப் பூவம்மாள் கேட்டாள்: "இன்னா ஆபிதா, சின்ன மருமவ வந்ததும் ஒங்க ஊட்டு ரெக்கார்டெல்லாம் எழுந்து நின்னுடுச்சாமே?"

"ஆமாமா, சலாம் போடுதுங்க" என்றேன். அவள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அதையாவது பொறுத்துக்கொண்டேன். சாம்பிராணி விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

வெள்ளி இரவு தோறும் நான் வீடு முழுக்கச் சாம்பிராணிப் புகை காட்டுவேன். அலமாரிக்கு முன்னால் வந்ததும் கதவைத் திறந்து, பெருநாள் தட்டும் மற்ற பைத்துப் பாட்டுத் தட்டுகளும் இருக்கிற அடுக்குக்கு நன்றாகவே காட்டுவேன். அல்லாவின் புகழைப் பாடுகிற தட்டுக்குக் காட்டாமல் பின்னே எதற்குக் காட்டுவது? மாதத்துக்கு ஒரு தடவை பழைய மல்லு வேட்டித் துணியில் இரண்டு சொட்டுப் பன்னீர் விட்டுத் துடைத்தும் வைப்பேன். என்னைவிட மரியாதையாக யாரும் அந்தத் தட்டுகளை வைத்திருக்க முடியாது என்று எனக்கு ஒரு நினைப்பு.

நௌஷீன் பூந்திக்கொட்டையை ஊறவைத்து, தெளிந்த தண்ணீரைத் துணியில் வடிகட்டினாள். பஞ்சை அதில் நனைத்து, தட்டின் கோடு போகிற போக்கிலேயே வட்டமாகத் துடைத்தாள், குறுக்கே ஒரு தடவைகூட இழுக்கவில்லை. பிறகு வெறும் தண்ணீரில் இன்னொரு பஞ்சு. துடைத்த பஞ்சைத் திருப்பிக் காட்டினாள். மஞ்சளும் கறுப்புமாகப் பிசுபிசுவென்று இருந்தது.

"இன்னாம்மா அது?" என்றார் மாமா.

"சாம்பிராணி மாமா. பொகையில கீற பிசின் கோட்டுக்குள்ள பூந்து ஒட்டிக்கினு கீது. அதுமேல பன்னீர வேற தடவி, தூசிய சேத்துப் பூசினாப்பல ஆயிடுச்சு. அதான் பாடும்போது பொரியறாப்பல சத்தம் வருது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. காட்டியது யார், தடவியது யார் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்ததும் முகம் செத்துப்போய், "லாத்தா, நான் ஒங்கள சொல்லல..." என்று இழுத்தாள். அது இன்னும் மோசம். திட்டினால் திருப்பித் திட்டலாம். இரக்கப்பட்டால் என்ன செய்வது?

அந்த வெள்ளி இரவு சாம்பிராணிச் சட்டியை ஹாலுக்குள்ளேயே கொண்டுவரவில்லை.

"இன்னா ஆபிதா, இன்னிக்குப் பொகை போடலியா?" என்று மாமா கேட்டார்.

"ரெக்கார்டுக்கு ஆவாதாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பெருநாள் தட்டையும் அவள் விடவில்லை. வெளியே எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மற்ற இடமெல்லாம் மயிரிழைக் கோடு, ஓரிடத்தில் மட்டும் ஆழமாக வெட்டியிருந்தது. விரலைத் தட்டின்மேல் படாமல் காற்றிலேயே அந்தக் கோட்டை வரைந்து காட்டி, "இத ஒண்ணும் பண்ண முடியாது மாமா. பூந்திக்கொட்ட அழுக்கத்தான் எடுக்கும், வெட்ட மூடாது. எப்படி ஆச்சு?" என்றாள்.

"பழைய பிளேயரும்மா. கை தானா இழுத்துக்கிச்சு" என்றார் மாமா.

"இல்ல, எங்க உம்மாவோட வளையலு!" என்றான் என் சின்னவன், பெரிய பெருமையாக. நௌஷீன் என்னைப் பார்த்துச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

ரமலான் பிறந்தது. ஒரு நாள் நோன்பு திறந்து எல்லோரும் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது, யாசர் சாதாரணமாக ஆரம்பித்தான்.

"வாப்பா, இந்தத் தபா பெருநாளைக்கு நௌஷீன் ரெக்கார்ட போடட்டுமே. அவளுக்குத்தான் அதெல்லாம் நல்லாத் தெரியுது."

கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். மாமா, "அவளுக்கென்னடா, பெரியவ போடுவா" என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். அவர் வடையைப் பிட்டுக் கஞ்சியில் போட்டார். "பெருநாளைக்கு இன்னும் நாள் கீது" என்றார். அவ்வளவுதான்.

தொழுகைக்குக் கிளம்பிய என் வீட்டுக்காரரை வாசலிலேயே மறித்தேன்.

"ஒங்க வாப்பா ஏன் இல்லன்னு சொல்லல?"

"எதுக்கு?"

"எதுக்கா? நான் போடற ரெக்கார்ட அவ போடறதுக்கு."

"ஒரு ரெக்கார்டுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு பண்ற? யாரு போட்டா இன்னா, அதே பாட்டுதானே?"

"அப்படியா? நாளையிலேந்து ஒங்க கடை கல்லாவுல யாசர் ஒக்காரட்டும். யாரு ஒக்காந்தா இன்னா, அதே கடைதானே?"

மனுஷர் தொப்பியைச் சரி செய்துகொண்டு போய்விட்டார்.

பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது நௌஷீன் தாய்வீடு போனாள். அவள் இல்லாத வீட்டில் நான் என்ன செய்தேன் தெரியுமா? சாப்பாட்டுத் தட்டை எடுத்து அவளை மாதிரியே பிடித்துப் பழகினேன். கட்டைவிரல் விளிம்பில், மற்ற விரல்கள் நடுவில். இரண்டு தடவை சரியாக நின்றது. மூன்றாவது தடவை கைநழுவி விழுந்து தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி உருண்டது.

"இன்னாடி ஆபிதா, தட்டுலாம் பறக்குது, புருசனோட சண்டையா?" என்று பூவம்மாள் அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

"சண்டை போட அவரு ஊட்ல இருந்தாத்தானே!" என்றேன். ஆனால் விடவில்லை. நாலு நாளில் கை படிந்துவிட்டது. அவள் பிடிக்கிறதைவிட நன்றாகவே பிடித்தேன் என்று சொல்வேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

அவள் திரும்பி வந்த அன்று நல்ல மழை. திருவள்ளூரிலிருந்து பஸ்ஸில், பெரியபாளையம் சுற்றிக்கொண்டு, நனைந்த கோழி மாதிரி வந்து நின்றாள். அவள்தான் நனைந்திருந்தாளே தவிர, மார்போடு சேர்த்துப் பிடித்திருந்த அட்டைப் பொட்டலத்தின் மேல் ஒரு துளி இல்லை. பர்தாவுக்குள் வைத்திருந்தாளாம்.

"பஸ்ல அவ்ளோ கூட்டம் லாத்தா. படுக்கப் போட்டா யாராவது பைய வெச்சுடுவாங்கன்னு மடியிலயே நிக்க வெச்சுக்கினு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே, இரண்டு அட்டைகளுக்கு நடுவிலிருந்து அதை உருவினாள்.

பெருநாள் தட்டு. அதே உறை, அதே பச்சை எழுத்து. ஆனால் புத்தம்புதிது, உறையின் ஒட்டுகூடப் பிரிக்கவில்லை.

"வாப்பாவோட குடோன்ல விக்காம கெடந்த மூட்டைலாம் பிரிச்சு, மூணு நாளு தேடினேன். ஒண்ணே ஒண்ணுதான் கெடச்சுது. நானே இன்னும் கேக்கல. மாமாவுக்கும் சொல்லல, ஒங்க கிட்டதான் மொதல்ல காட்டறேன்."

அவள் கண் அப்படி மின்னியது. எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"எதுக்கு? என் தட்ட தூக்கிக் குப்பைல போடத்தானே?"

"லாத்தா..."

"அலமாரிய மாத்தின. உறைய மாத்தின. சாம்பிராணிய நிறுத்தின. இப்போ பெருநாளு பாட்டையும் மாத்தணும். அடுத்தது இன்னா, என்னையும் நெட்டுக்கு நிக்க வெச்சுக் கதவச் சாத்திடுவியா?"

"அதுல கீறல் கீதேன்னுதான்..."

"இருக்கட்டும்! அந்தக் கீறலோட பாடித்தான் எங்க புள்ளைங்க வளந்துச்சு. ஒன்னை யாரு கேட்டா?"

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, புதுத் தட்டை அலமாரியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு அறைக்குள் போய்விட்டாள். சொன்னதற்கு நான் வருத்தப்பட்டேனா? இல்லை. சொல்லிவிட்டோம் என்று நிம்மதியாகத்தான் இருந்தது.

பெருநாள் காலை. ஆண்கள் தொழுகைக்குப் போய், அங்கேயே மையவாடியில் அவரவர் வீட்டுப் பெரியவர்கள் அடங்கிய கப்ருகளுக்கு சலாம் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். கட்டித்தழுவல், அத்தர் வாசனை, புதுச்சட்டை மொடமொடப்பு. பூவம்மாள் பிள்ளைகளோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். சேமியா கிண்ணங்கள் வரிசையாகக் காத்திருந்தன. நான் அலமாரிக்குப் போய் என் தட்டை எடுத்தேன். யாரும் சொல்வதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்றுதான் எடுத்தேன்.

யாசர் விடவில்லை. "வாப்பா, நௌஷீன் புதுசே கொணாந்துகீறா. அதுல கீறலே இல்ல."

மாமா திரும்பினார். "எங்க?" என்றார். நௌஷீன் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், புதுத் தட்டைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். அவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பினார். உறைமேல் கட்டைவிரலை வைத்து ஓர் எழுத்தைத் தடவுகிற மாதிரி தடவிக்கொண்டே இருந்தார். நான் என் தட்டைக் கீழே வைக்காமல் நின்றேன்.

பிறகு அதை நௌஷீனிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ஆபிதா, நீ போடும்மா. ஒன்னோடத போடு."

அப்பாடா! பெருநாள் எனக்கு அந்த நிமிஷம்தான் பிறந்தது. விளிம்பில் கட்டைவிரல், நடுவில் விரல்கள், பிசகாமல் இறக்கினேன். நௌஷீன் பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தும் கொண்டேன். பார்த்தாள். பாட்டு தொடங்கியது. பிள்ளைகள், பூவம்மாள், வீட்டுக்காரர், யாசர் எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். இரண்டாவது வரி முடிந்ததும் கூரை அதிர "டக்!" என்று தட்டினார்கள். மாமாவும் தட்டினார்.

அதோடு நான் விட்டிருக்கலாம். விடுவேனா? ஜெயித்தால் மட்டும் போதவில்லை எனக்கு. அவள் கொண்டுவந்த பாட்டு இந்த வீட்டில் செல்லாது என்று எல்லோர் முன்னாலும் தெரிய வேண்டும். பிள்ளைகள் "டக்" சொல்லிவிட்டுத் திருதிருவென்று விழித்துச் சிரிக்க வேண்டும், அவள் முகம் சுருங்க வேண்டும்.

"நௌஷீன், ஒன்னோடதையும் போடேன். புள்ளைங்க கேக்கட்டும்" என்றேன், தேன் ஒழுக.

மாமா வேகமாக, "வாணாம்மா, சேமியா ஆறிடும்" என்றார்.

"ஒரு பாட்டுதானே மாமா. பாவம், மழையில அலைஞ்சு எடுத்தாந்துகீறா."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்போது எனக்கு அது புரியவில்லை.

நௌஷீன் ஒட்டைப் பிரித்துப் போட்டாள். முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. பொரிகிற சத்தம் இல்லை, இரைச்சல் இல்லை. பிளேயர் ஓடவில்லையோ என்று நினைத்தேன். அதற்குள் பாடுகிறவர் மூச்சை இழுப்பது கேட்டது. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற மனுஷர் மாதிரி அவ்வளவு தெளிவாக. பாடினார். பிள்ளைகளும் கூடவே பாடினார்கள்.

"அலை தந்தவனே, ஆழம் தந்தவனே,
அந்திப் பிறையைக் காட்டித் தந்தவனே..."

"டக்!" என்று கைதட்டிவிட்டு "தேடாத பேருக்கும்" என்று பாய்ந்தார்கள் பிள்ளைகள். தட்டு பாயவில்லை. அது வேறெங்கோ மேலே ஏறியது.

"பாட்டு தப்பு!" என்று கத்தினான் என் சின்னவன். பூவம்மாள் கெக்கெக்கே என்று சிரித்தாள். நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் இன்னொரு குரல் கேட்டது.

"திரும்பாத தோணிக்கும் கரையானவனே..."

மாமா பாடிக்கொண்டிருந்தார். கண் மூடியிருந்தது. தட்டிலிருந்த குரலோடு ஓர் இழை பிசகாமல், ஏறவேண்டிய இடத்தில் ஏறி, நிற்கவேண்டிய இடத்தில் நின்று பாடினார். வருஷா வருஷம் பாடிப் பழகினவர்கள்தான் அப்படிப் பாட முடியும். பாடகர் அந்த வரியை இரண்டாவது முறை பாடினார். அதற்கு மாமாவால் முடியவில்லை. வாய் மட்டும் அசைந்தது. கண்ணீர் தாடிக்குள் இறங்கியது.

மாமாவுக்கு ஒரு தம்பி இருந்தார். பழவேற்காட்டு முகத்துவாரத்தில் தோணி கவிழ்ந்து போனவர். உடம்பு கிடைக்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் மாமா கடலும் வேண்டாம் கருவாடும் வேண்டாம் என்று இந்த ஊருக்கு வந்தார். இது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெருநாள் காலையில் மாமா, மாமியாரின் கப்ருக்குப் போய் சலாம் சொல்லிவிட்டு வருவார். தம்பிக்குச் சலாம் சொல்ல ஒரு பிடி மண் எங்கும் கிடையாது. இந்த வரி ஒன்றுதான் இருந்தது. அதைத்தான் நான் வளையலால் வெட்டியிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன்.

"இப்படி ஒரு வரி கீறது ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பதினாலு வருசமா என் கிட்ட ஏன் சொல்லல?"

"வாப்பா சொல்லக் கூடாதுன்னாரு. அந்த மொத பெருநாளன்னிக்கே என்னைத் தனியா கூப்ட்டு சத்தியம் வாங்கிக்கினாரு."

எனக்கு வந்த கோபத்தை யார்மேல் போடுவது என்று தெரியவில்லை. பாட்டு முடிந்தது. நௌஷீன் பிளேயரின் கையைத் தூக்கி வைத்தாள். சேமியாவை யாரும் தொடவில்லை. பூவம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விஷயம் தெரியாமலே அழுதாள். நான் நேராகப் போய் மாமாவின் காலடியில் உட்கார்ந்தேன்.

"ஏன் மாமா? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? புதுசு ஒண்ணு எங்கியாவது தேடி வாங்கிருக்கலாமே."

"தேடினா ஒனக்குத் தெரிஞ்சுடும்ல?"

"தெரிஞ்சா இன்னா?" என்று கத்தியேவிட்டேன். "தெரிஞ்சா இன்னா மாமா?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அன்னிக்கு ஒன் கை எப்படி நடுங்கிச்சுன்னு நான் பாத்தேன். இன்னா வரி போச்சுன்னு சொல்லிருந்தா, அடுத்த பெருநாளு நீ ரெக்கார்ட தொட்டிருப்பியா?"

பொய் சொல்லலாம். பெருநாளும் அதுவுமாக அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

"தொட்டிருக்க மாட்டேன் மாமா."

"அதான்" என்றார்.

நௌஷீன் தட்டை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பிடித்தபடி, உறையில் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு அழகாகப் பிடித்திருந்தாள் பாவி. எனக்கு அப்போதும் வயிறு எரியத்தான் செய்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

"இன்னாத்துக்கு அத உள்ள வெக்கற?" என்றேன். "இன்னொரு தபா போடு. மாமா கேக்கட்டும்."